விமான எரிபொருளின் வரலாறு – 9: சோதனையில் தேறிய எண்ணெய்கள்

விமான எஞ்சினுக்கான பெட்ரோலின் தரத்தைத் தீர்மானிக்கத் தொடக்க காலத்தில் பெரிதும் நம்பப்பட்ட அளவுகோல் அதன் அடர்த்தி. இலேசான பெட்ரோல் விரைவில் ஆவியாகும், விரைவில் ஆவியாவது நன்றாக எரியும் என்ற கருத்து முதல் உலகப்போர்க் காலத்தில் வாங்குவோரிடமும் விற்போரிடமும் வேரூன்றியிருந்ததால், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிக் கனத்த பெட்ரோல் தரமற்றதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. போர்னியோத் தீவில் கிடைத்த கச்சா எண்ணெயிலிருந்து பிரிந்த பெட்ரோல் இவ்வகையில் வரம்பை மீறியதால், வாங்க ஆளின்றி அங்கேயே வீணாக எரிக்கப்பட்டு வந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ ஷெல் நிறுவனத்தின் பெட்ரோல் மாதிரிகளைத் தம் சோதனை எஞ்சினில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தபோது, ஒதுக்கப்பட்ட அந்தப் போர்னியோப் பெட்ரோலே எஞ்சினின் உயர் அழுத்தத்தை மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்குவதைக் கண்டார். அதைக் கனமாக்கியிருந்த பென்சீன், டொலுவீன் போன்ற நறுமண ஹைட்ரோகார்பன்களே அதன் வலிமைக்கும் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இந்நிகழ்ச்சியைத் தனித்த ஒரு பிழையாகக் கொள்வது சரியன்று. விமான எரிபொருளுக்கான தரவரையறை என்னும் ஆவணத்தில், அதாவது எண்ணெய் எந்தெந்தப் பண்புகளை எந்தெந்த வரம்புக்குள் கொண்டிருக்க வேண்டும் என்று வகுக்கும் ஆவணத்தில், இன்று காணப்படும் வரிகளில் பல, அவற்றுக்கு முன்பிருந்த வரிகள் அனைத்தையும் நிறைவு செய்த எண்ணெய் ஒன்று எஞ்சினைக் கைவிட்ட பிறகு எழுதப்பட்டவை. ஒவ்வொரு வரியும் எந்தத் தோல்விக்கு விடையாக வந்தது என்பதை அறியாமல் அந்த ஆவணத்தைப் படிப்பவருக்கு அது வெறும் எண்களின் பட்டியலாகவே தோன்றும்.

ரிக்கார்டோ கண்ட பண்புக்கு ஓர் எண் கிடைப்பதற்கு மேலும் பத்தாண்டுகள் ஆயின. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்து சேரும் முன்பே, உருளையின் மறுமூலையில் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாக வெடித்துவிடுவதை நாக்கிங் என்பர். மோட்டார் வாகனத்தில் இது காதுக்குக் கேட்கும் ஒரு தட்டலாக வெளிப்படும். விமானத்திலோ எஞ்சின் இரைச்சலில் அது கேட்பதில்லை என்பதால், பிஸ்டன் உருகத் தொடங்கிய பிறகே விமானிக்குத் தெரியவருவதுண்டு. அமெரிக்காவின் டேட்டன் நகரில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மத்தை மிகச் சிறிய அளவில் சேர்த்தாலே நாக்கிங் அடங்குவதைக் கண்டறிந்தனர். அதன் நஞ்சு 1924-இல் நியூஜெர்சி ஆலையொன்றில் தொழிலாளர்களின் உயிரைப் பறித்த பின்னரும் அதன் பயன்பாடு நிற்கவில்லை. நாக்கிங்கைத் தாங்கும் திறனை அளப்பதற்கு கிரகாம் எட்கர் 1926-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த முறையில், ஐசோஆக்டேன் என்ற நீர்மத்துக்கு 100 என்றும், எளிதில் நாக்கிங்குக்கு ஆளாகும் ஹெப்டேனுக்கு 0 என்றும் மதிப்பளிக்கப்பட்டது; சோதிக்கப்படும் பெட்ரோல் இவ்விரண்டின் எந்த விகிதக் கலவையைப் போல நடந்துகொள்கிறதோ, அந்தக் கலவையில் உள்ள ஐசோஆக்டேனின் விழுக்காடே அப்பெட்ரோலின் ஆக்டேன் எண் ஆயிற்று.

எண் கிடைத்ததும் அதை உயர்த்துவதற்கான போட்டி தொடங்கியது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு 87 ஆக்டேன் எரிபொருளைப் பயன்படுத்தி வந்தது. ரைட் ஃபீல்ட் ஆய்வு நிலையத்தில் சாமுவேல் ஹெரான் போன்றோர் 100 ஆக்டேனைச் சோதிக்க விரும்பியபோது, ஷெல் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த விமானி ஜேம்ஸ் டூலிட்டில், அன்று சந்தையே இல்லாத அந்த எரிபொருளைத் தயாரிக்கும்படி தம் நிறுவனத்தை வற்புறுத்தி, 1934-இல் அதைச் சோதனைக்குக் கிடைக்கச் செய்தார். யூஜீன் ஹூட்ரியின் வினையூக்கிச் சிதைப்பு முறையும், சிறிய மூலக்கூறுகளை அமிலத்தின் துணையால் இணைத்துக் கிளைகள் கொண்ட பெரிய மூலக்கூறுகளாக்கும் ஆல்கைலேஷன் முறையும் 1930-களின் பிற்பகுதியில் ஆலைகளுக்கு வந்துசேர்ந்த பின், அது பெருமளவில் கிடைக்கலாயிற்று. 1940-இல் பிரிட்டன் மீது நிகழ்ந்த வான்போரில், ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்குள் செலுத்தப்படும் காற்றின் மிகை அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 6.25 பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்த முடிந்தது இந்த எரிபொருளால்தான். அப்போரைப் பற்றிய நூல்கள் விமானிகளுக்கும் ராடாருக்கும் தரும் இடத்தில் ஒரு பகுதியைக்கூட எண்ணெய் வேதியியலாளர்களுக்குத் தருவதில்லை என்பது வருந்தத்தக்கது.

எனினும் 100 என்ற அந்த எண்ணிலும் ஒரு குறை இருந்தது. ஆக்டேன் சோதனை, எரிபொருள் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் உள்ள மெலிந்த கலவையில் எண்ணெயின் நடத்தையைத்தான் காட்டியது. ஆனால் விமானம் தரையை விட்டு எழும்போதும் போரில் முழு வேகம் எடுக்கும்போதும் எஞ்சினுக்குள் செல்வது எரிபொருள் மிகுந்த செறிந்த கலவை. நறுமண ஹைட்ரோகார்பன்கள் நிறைந்த பெட்ரோல் செறிந்த கலவையில் மிக அதிக அழுத்தத்தைத் தாங்கியது. அவை குறைந்த பெட்ரோல் அவ்வாறு தாங்கவில்லை. சோதனைக்கூடத்தில் இரண்டுக்கும் எண் 100. நறுமண வகைகள் எரிபொருள் தொட்டியின் ரப்பர் பாகங்களைக் கரைத்துவிடும் என்ற அச்சத்தால் அமெரிக்கர்கள் அவற்றைக் கட்டுப்படுத்தியிருக்க, ஆங்கிலேயர்கள் அவற்றை விரும்பிச் சேர்த்ததால், ஒரே எண்ணைத் தாங்கிய இரு வேறு எண்ணெய்கள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உருவாயின. இதற்குத் தீர்வாகவே 100/130, 115/145 என இரட்டை எண்களால் எரிபொருளைக் குறிக்கும் முறை வந்தது. முதல் எண் மெலிந்த கலவைக்கும் இரண்டாவது எண் செறிந்த கலவைக்கும் உரியது, 130 என்றால் தூய ஐசோஆக்டேனைவிட 30 விழுக்காடு கூடுதல் திறனை நாக்கிங் இன்றித் தரக்கூடியது என்று பொருள். வகைகள் பெருகியபோது, கண்ணால் பார்த்தே இன்னது என்று அறியும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயம் கலக்கப்பட்டது: 80/87-க்குச் சிவப்பு, 100/130-க்குப் பச்சை, 115/145-க்கு ஊதா. இன்று சிறிய பிஸ்டன் விமானங்களுக்கு உலகெங்கும் பரவலாகக் கிடைக்கும் 100எல்எல் நீல நிறமுடையது. எல்எல் என்ற எழுத்துகள் ஈயம் குறைந்தது என்பதைக் குறித்தாலும், அதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் அனுமதிக்கப்படுகிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

ஜெட் எஞ்சின் வந்தபோது இந்தப் போட்டி முழுவதும் ஒரே நாளில் பொருளற்றுப்போனதாகத் தோன்றியது. உருளையும் பிஸ்டனும் இல்லாமல், பாய்ந்து வரும் காற்றில் இடைவிடாமல் எரியும் சுவாலைக்கு நாக்கிங் என்ற சிக்கலே இல்லை. ஆகவே எரியக்கூடிய எந்த எண்ணெயும் போதும் என்று தொடக்கத்தில் பலர் கருதினர். பெட்ரோல் போருக்குத் தேவைப்பட்டதாலும், மண்ணெண்ணெய் எளிதில் தீப்பிடிக்காததாலும் பிரிட்டன் மண்ணெண்ணெயைத் தேர்ந்தது. பல நாட்டு வீடுகளில் அடுப்புக்கும் விளக்குக்கும் பயன்பட்ட அதே எண்ணெய்வகை அவ்வாறு வானேறியது. ஆனால் மண்ணெண்ணெயில் மெழுகு உண்டு. உயரே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை −50 பாகைக்கும் கீழே இறங்கும்போது, அம்மெழுகு படிகங்களாகப் பிரிந்து குழாய்களை அடைத்துவிடும். அதனால் 1944-இல் அமெரிக்க இராணுவம் வகுத்த ஜேபி-1 என்ற முதல் ஜெட் எரிபொருளின் உறைநிலை −60 பாகை செல்சியஸ் என்று வைக்கப்பட்டது. அத்தகைய எண்ணெயைத் தரக்கூடிய கச்சா எண்ணெய் மிகச் சிறிதளவே கிடைத்ததால், பெருமளவு உற்பத்திக்கு அந்த வரையறையே தடையாயிற்று. 1951-இல் வந்த ஜேபி-4, பெட்ரோல் வகையையும் மண்ணெண்ணெய் வகையையும் கலந்த அகன்ற கொதிநிலை எண்ணெய். அது தாராளமாகக் கிடைத்தது, கடுங்குளிரிலும் உறையவில்லை, ஆனால் தொட்டியின் காலியிடத்தை எளிதில் எரியும் ஆவியால் நிரப்பியது.

1963 டிசம்பர் 8 அன்று மேரிலாந்து மாநிலத்தின் எல்க்டன் நகருக்கு மேலே, பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 மின்னல் தாக்கி வெடித்து, அதிலிருந்த 81 பேரும் மாண்டனர். அதன் தொட்டிகளில் மண்ணெண்ணெய் வகையும் ஜேபி-4-ஐ ஒத்த அகன்ற வகையும் கலந்திருந்தன என்பது விசாரணையில் தெரியவந்தபோது, பயணிகள் விமானங்களில் எந்த எண்ணெய் இருக்க வேண்டும் என்ற விவாதம் கூர்மையடைந்தது. காலப்போக்கில் மண்ணெண்ணெய் வகையே வென்றது. பல ஆண்டுகள் கழித்து அமெரிக்க விமானப்படையும் ஜேபி-4-ஐக் கைவிட்டு, மண்ணெண்ணெய் வகையான ஜேபி-8-க்கு மாறியது. இன்று உலகெங்கும் வழங்கும் ஜெட் ஏ-1, இந்தியாவில் ஏடிஎஃப் என்ற பெயரில் விற்கப்படுவதும் மணலி ஆலையிலிருந்து குழாய் வழியே மீனம்பாக்கம் விமான நிலையத்தை அடைவதுமான அந்த எண்ணெய், −47 பாகைக்கு மேல் உறையக்கூடாது, 38 பாகைக்குக் கீழ் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரக்கூடாது, 15 பாகை வெப்பநிலையில் அதன் அடர்த்தி கனமீட்டருக்கு 775 முதல் 840 கிலோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்புகளுக்கு உட்பட்டது. அமெரிக்காவுக்குள் புழங்கும் ஜெட் ஏ-க்கு உறைநிலை −40 பாகை மட்டுமே.

இவ்வரம்புகளைவிடச் சிக்கலானவை, எண்ணெய் தொட்டியில் கிடக்கும்போதோ குழாயில் ஓடும்போதோ வெளிப்படுகிற குணங்கள். ஜெட் விமானத்தில் எரிபொருள் எரிவதற்கு முன் குளிர்விப்பானாகவும் வேலை செய்கிறது. எஞ்சினின் மசகெண்ணெயிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு சூடேறும் அது, நிலைத்தன்மை இல்லாததாயின் பிசினையும் கரியையும் படியவிட்டு நுண்துளைத் தெளிப்பான்களை அடைத்துவிடும். 1970-களிலிருந்து கையாளப்படும் வெப்ப நிலைத்தன்மைச் சோதனையில், 260 பாகைக்குச் சூடாக்கப்பட்ட அலுமினியக் குழாயின்மீது எண்ணெய் இரண்டரை மணி நேரம் ஓடவிடப்பட்டு, குழாயில் படிந்த கறையின் நிறமும் அடுத்துள்ள வடிகட்டியில் ஏற்பட்ட அடைப்பும் பார்க்கப்படுகின்றன. கரைந்த செம்பு மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் இச்சோதனையில் எண்ணெய் தோற்றுவிடும் என்பதால்தான், ஜெட் எரிபொருள் செல்லும் குழாய்களிலும் தொட்டிகளிலும் செம்பும் பித்தளையும் தவிர்க்கப்படுகின்றன.

நீரின் கதை இதைவிட நீண்டது. எந்த எண்ணெயும் சிறிதளவு நீரைக் கரைத்து வைத்திருக்கும். குளிரும்போது அது நுண்துளிகளாகப் பிரிகிறது. பெட்ரோலில் இத்துளிகள் விரைந்து அடியில் தங்கிவிடும். அடர்த்தியில் நீருக்கு நெருங்கியதும் பிசுபிசுப்பு மிக்கதுமான மண்ணெண்ணெயிலோ அவை நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். பிஸ்டன் விமானக் காலத்தில் தொட்டியின் அடியைத் திறந்து வடித்துவிட்டால் போதும் என்று பழகியிருந்தவர்கள், ஜெட் காலத்தில் புதிய வடிகட்டிகளைத் தேட வேண்டியதாயிற்று. நுண்துளிகளைப் பெருந்துளிகளாக இணைத்துக் கீழே விழச் செய்யும் நார்ப்படல வடிகட்டிகள் வந்தன. ஆனால் எண்ணெயில் சோப்பின் தன்மை கொண்ட மாசு ஏதேனும் இருந்தால் அது நாரின்மீது படிந்து அந்த இணைப்பைத் தடுத்துவிடுவதால், அத்தகைய மாசைக் கண்டறிவதற்கென மற்றொரு சோதனை சேர்ந்தது. வடிகட்டி நுணுக்கமாக ஆக ஆக, அதன் வழியே விரைந்து பாயும் தூய எண்ணெயில் நிலைமின்னூட்டம் பெருகி, தொட்டிக்குள் தீப்பொறி தெறிக்கும் ஆபத்தும் கூடியது. எண்ணெயைத் தூய்மைப்படுத்தும் முயற்சியே அதை அபாயமாக்கியது. இதற்காக மின்கடத்துந்திறனை உயர்த்தும் சேர்மம் 1960-களில் புழக்கத்துக்கு வந்தது. தொட்டியடியில் தங்கிய நீரிலோ, மண்ணெண்ணெயையே உணவாகக் கொள்ளும் ஒரு பூஞ்சை வளர்ந்து, அலுமினியச் சிறகுத் தொட்டிகளை அமிலத்தால் அரித்தது 1950-களின் இறுதியில் பெரும் தலைவலியாக உருவெடுத்தது.

இத்தனை சோதனைகளும் ஆலையில் ஒருமுறை நடந்தால் போதாது என்பதே விமான எரிபொருள் தரக்கட்டுப்பாட்டின் அடிப்படை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆலையில் சான்றிதழ் வழங்கப்படுகிறது. கப்பலிலோ குழாயிலோ இடம் மாறிய பின் முதன்மைப் பண்புகள் மீண்டும் சோதிக்கப்பட்டு, பழைய எண்களோடு ஒப்பிடப்படுகின்றன. விமானத்தின் அருகே கடைசியாக ஒருவர் கண்ணாடிக் குடுவையில் எண்ணெயைப் பிடித்து, அது தெளிவாகவும் பளிச்சென்றும் இருக்கிறதா என்று பார்க்கிறார், நீர் பட்டால் நிறம் மாறும் வில்லையைக் கொண்டும் சோதிக்கிறார். அந்தக் கடைசிப் பார்வையின் மதிப்பு எந்த ஆய்வுக்கருவிக்கும் குறைந்ததன்று. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. நீல நிறப் பெட்ரோலோடு நிறமற்ற மண்ணெண்ணெய் கலந்தால் கலவை நீலமாகவே தோன்றும். அமெரிக்காவின் புகழ்பெற்ற சாகச விமானி பாப் ஹூவரின் பிஸ்டன் விமானத்தில் தவறுதலாக ஜெட் எரிபொருள் நிரப்பப்பட்டு, மேலெழுந்த சிறிது நேரத்தில் இரு எஞ்சின்களும் செயலிழந்தன. உயிர் தப்பிய அவர், பெட்ரோல் விமானத்தின் தொட்டிவாயைச் சிறிதாக்கி, ஜெட் எரிபொருள் குழாயின் முனையை அதனுள் நுழையாதபடி அகலமாக்கும் ஏற்பாட்டுக்காகப் பாடுபட்டார். அம்முனை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

தரவரையறை முழுவதையும் நிறைவு செய்த எண்ணெயே ஒரு நாட்டின் சிறுவிமானங்களை முடக்கிய நிகழ்ச்சி 1999-இன் இறுதியில் ஆஸ்திரேலியாவில் நேர்ந்தது. மெல்பர்னை அடுத்த ஆல்டோனா சுத்திகரிப்பு ஆலையின் ஆல்கைலேஷன் பிரிவில், அமிலத்தால் குழாய்கள் அரிக்கப்படாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட எத்திலீன் டைஅமைன் என்ற காரச் சேர்மத்தின் மிகச் சிறு பங்கு, விமானப் பெட்ரோலோடு கலந்து வெளியேறியது. எரிபொருள் அமைப்பின் பித்தளைப் பாகங்களோடு வினைபுரிந்து அது கருநிறமான ஒட்டும் படிவை உருவாக்கியது. ஆக்டேன் எண், கொதிநிலை, ஈயத்தின் அளவு, நிறம் என்று எதைப் பார்த்தாலும் அந்தப் பெட்ரோலில் குறை இல்லை. பெட்ரோலில் காரம் இருக்கக்கூடும் என்று யாரும் எண்ணாததால், அதைத் தேடும் சோதனை எதுவும் பட்டியலில் இடம்பெறவில்லை. 2000-ஆம் ஆண்டு சனவரியில் நாட்டின் கிழக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான பிஸ்டன் விமானங்கள் தரையிறக்கி நிறுத்தப்பட்டன. பயிருக்கு மருந்து தெளிப்பவை, பயிற்சிப் பள்ளிகளுக்குரியவை, தொலைதூரப் பண்ணைகளை நகரங்களோடு இணைப்பவை என்று அவற்றை நம்பியிருந்த தொழில்கள் வாரக்கணக்கில் தவித்தன. தரவரையறை என்பது வழக்கமான மூலப்பொருளும் வழக்கமான செயல்முறையும் மாறாதிருக்கும் என்ற எடுகோளின்மீது நிற்கிறது. ஆலையில் ஒரு செயல்முறையை மாற்றுவோர், அதனால் எண்ணெயில் புதிதாக என்ன வந்து சேரக்கூடும் என்று முன்கூட்டியே ஆராய வேண்டும் என்ற கடமை, இந்நிகழ்ச்சிக்குப் பின் முன்னைவிட அழுத்தமாக வலியுறுத்தப்பட்டது.

2008 சனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 இலண்டன் ஹீத்ரோ ஓடுபாதைக்குச் சற்று முன்பே தரையில் விழுந்ததற்கும் எண்ணெயின் தரக்குறைவு காரணமன்று. அதன் உறைநிலை −57 பாகையாக, தேவைக்கும் மேலாகவே இருந்தது. பயணத்தில் எண்ணெய் இறங்கிய மிகக் குறைந்த வெப்பநிலை −34 பாகைதான். எல்லா எண்ணெயிலும் இருக்கும் இயல்பான அளவு நீரே குழாயின் உட்சுவரில் பனியாகப் படிந்து, தரையிறங்கும் நேரத்தில் ஒரே மூச்சில் பெயர்ந்து வந்து, வெப்பமாற்றியின் முகப்பை அடைத்துவிட்டது என்பதே விசாரணையின் முடிவு. இங்கு மாற்றப்பட்டது வெப்பமாற்றியின் வடிவம். எண்ணெயின் வரையறை மாறவில்லை.

இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து 2010 ஏப்ரல் 13 அன்று 322 பேருடன் ஹாங்காங் நோக்கிப் புறப்பட்ட கேத்தே பசிபிக் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330-இல் நிகழ்ந்ததோ, காவலுக்கு வைக்கப்பட்ட பொருளே கேடு செய்த நிகழ்ச்சி. விமானத்துக்கு எண்ணெய் ஏற்றும் வண்டியில் கடைசித் தடையாகப் பொருத்தப்பட்டிருந்த வடிகட்டிகளில், நீரை உறிஞ்சி ஊதிப் பெருகும் பாலிமர் தூள் இருந்தது. குழந்தைகளுக்கான டயப்பரில் இடப்படும் அதே வகைப் பொருள் அது. நீர் வந்தால் தூள் வீங்கி ஓட்டத்தையே நிறுத்திவிடும், ஆகவே நீர் விமானத்துக்குள் போகாது என்பது அதன் தத்துவம். சுரபாயா விமான நிலையத்தில் நிலத்தடி எரிபொருள் குழாயை நீட்டிக்கும் பணியின்போது உப்புநீர் உள்ளே புகுந்தது; பணி முடிந்தபின் குழாயைத் துப்புரவாக்கி மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த முறை போதுமானதாக இல்லை. உப்பு கலந்த நீரில் அந்தப் பாலிமர், தூய நீரில் போல முழுமையாக வீங்குவதில்லை. ஓட்டத்தை நிறுத்துவதற்கு மாறாக, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுருண்டைகளாகப் பிரிந்து எண்ணெயோடு விமானத்துக்குள் சென்றது. அவ்வுருண்டைகள் இரு எஞ்சின்களிலும் எரிபொருளை அளந்து விடும் தடுக்கிதழ்களை இறுகச் செய்துவிட்டன. ஓர் எஞ்சின் ஏறத்தாழ 70 விழுக்காடு சுழற்சியிலும் மற்றொன்று ஏறத்தாழ 17 விழுக்காட்டிலும் சிக்கிக்கொள்ள, வேகத்தைக் குறைக்கும் வழியே இல்லாமல், மணிக்கு 230 கடல்மைல் அளவிலான வேகத்தில் விமானிகள் ஹாங்காங்கில் தரையிறக்கினர். வெளியேறும்போது பலர் காயமுற்றாலும் ஓர் உயிரும் போகவில்லை. கட்டுப்படுத்த முடியாத எஞ்சினோடு ஒரு பெருவிமானத்தைத் தரைசேர்த்த அந்தத் திறன் விமானப் போக்குவரத்து வரலாற்றில் உயர்ந்த இடத்துக்கு உரியது.

அந்த வடிகட்டிகள் உரிய தரச்சான்று பெற்றவை என்பதும், அவற்றைத் தாண்டிவந்த உருண்டைகளைத் தேடும் சோதனை அன்று எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதும் இங்குக் கருதத்தக்கன. விசாரணை அறிக்கை 2013-இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து, மற்ற விமானங்களின் எரிபொருள் அமைப்புகளிலும் இந்தப் பாலிமர் சிறிதளவு வந்துசேர்ந்திருப்பது தெரியவந்ததும், ஏற்கத்தக்க அளவு என்று ஒன்றை வகுப்பது இயலாது, அப்பொருளே எண்ணெயைத் தொடக்கூடாது என்ற முடிவுக்கு எஞ்சின் உற்பத்தியாளர்களும் எண்ணெய் நிறுவனங்களும் விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பும் வந்தன. விமான நிலையங்களின் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்த அவ்வகை வடிகட்டிகளைப் படிப்படியாக விலக்கி, பாலிமர் இல்லாத நீர்த்தடுப்பு வடிகட்டிகளையும், எண்ணெயில் மிதக்கும் துளிகளை ஓட்டத்திலேயே எண்ணிக்காட்டும் மின்னணு உணரிகளையும் பொருத்தும் பணி அடுத்து வந்த ஆண்டுகளில் தொடங்கியது.